வலது பக்க இருக்கை

வாகனப் பக்கத்துக்குப் புதிதாக வந்தவர்கள் எழுதும் கட்டுரைகளை யாராவது எனக்குப் படிக்கத் தருகிறார்கள். பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. படித்து முடித்ததும் நான் கேட்பது ஒன்றுதான்: இதை எந்த இருக்கையில் உட்கார்ந்து எழுதினீர்கள்? ஓட்டுநர் இருக்கை என்று பெருமையோடு பதில் வரும். அப்படியானால் பாதிச் சாலையைத்தான் பார்த்திருக்கிறீர்கள் என்பேன். கிழவருக்குக் குறும்பு என்று சிரிப்பார்கள்.

குறும்பு இல்லை. கார்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதியை ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் கற்றேன். செய்தி எழுதுவது பற்றித் தெரிந்ததிலும் கணிசமான பகுதி அங்கேயே கிடைத்தது. அதனால் இன்று சக்கரம், எஞ்சின், மைலேஜ் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு அந்த இருக்கையைப் பற்றிச் சொல்கிறேன்.

பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஆட்சி கைமாறிய மறு வருடம், சென்னை நாளிதழ் ஒன்று என்னைப் புதுச்சேரி நிருபராக அனுப்பியது. நான் கடலூர்க்காரன். கார்ப் பைத்தியம் அப்போதே இருந்தது, கார் இல்லை. புதுச்சேரியோ பைத்தியத்தைத் தீர்க்கிற ஊர் அல்ல, வளர்க்கிற ஊர். சென்னையில் காணக் கிடைக்காத பிரெஞ்சு கார்கள் அங்கே தேவாலய வாசலில் சாதாரணமாக நிற்கும். எல்லாவற்றுக்கும் ஸ்டியரிங் இடது பக்கம். அவற்றைப் பார்ப்பதற்காகவே ஞாயிற்றுக்கிழமை பூசை முடியும் நேரத்துக்குப் போய் நிற்பேன். பாதிரியார் என்னை மதம் மாறத் துடிக்கிறவன் என்று சில மாதங்கள் நம்பிக்கொண்டிருந்தார்.

ஐம்பத்தாறில் அரியாங்குப்பம் பாலத்தருகே ஒரு விபத்து. கறுப்புக் கார் ஒன்று மாட்டு வண்டியை முந்தப் போய், எதிரே லாரி வர, திரும்பி ஒதுங்கியதில் வண்டி குடைசாய்ந்தது. வண்டிக்காரருக்குக் கால் எலும்பு முறிந்தது. காவல் நிலையத்தில் சொன்னதை அப்படியே எழுதி அனுப்பினேன். கடைசி வரியாக, இடது பக்க ஸ்டியரிங் கொண்ட பிரெஞ்சு கார்கள் நமது சாலைகளுக்கு ஆபத்தானவை என்று பலரும் கருதுகிறார்கள் என்று சேர்த்தேன். பலர் என்பது நானும் காவல் நிலைய எழுத்தரும்.

செய்தி வந்த அன்று மாலை ஒரு பெண் என் அறைக்கு வந்தார். வெள்ளைப் புடவை, கழுத்தில் மெல்லிய சிலுவை, கையில் மடித்த பத்திரிகை. முப்பதை எட்டாத வயது.

"இதை எழுதினது நீங்களா?"

"ஆமாம்."

"பாலத்துல இருந்தீங்களா?"

"இல்லை."

"நான் இருந்தேன். நான்தான் ஓட்டினேன். வாங்க, காட்டறேன்."

அவர் பெயர் மர்கரீத். பெண்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியை. வாசலில் அந்தக் கறுப்புக் கார் நின்றது. இடது மட்கார்டு நசுங்கியிருந்தது. ஏறச் சொன்னார். பாலத்துக்குப் போகும் வழியிலேயே எனக்கு விஷயம் புரியத் தொடங்கிவிட்டது. சாலையின் இடது ஓரமாகப் போகும் காரில், ஓட்டுநரும் இடது பக்கம் உட்கார்ந்திருந்தால், முன்னால் போகும் வண்டிக்கு அப்பால் என்ன வருகிறது என்று அவருக்குத் தெரியாது. வலது பக்கம் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும். அதனால் புதுச்சேரியில் ஒரு வழக்கம். வலது இருக்கையில் இருப்பவர் எட்டிப் பார்த்து, வழி இருந்தால் "ஆலே" என்பார். பிரெஞ்சில், போ. வழி இல்லையென்றால் "நோன்". ஓட்டுகிறவர் அந்தச் சொல்லை நம்பி மிதிப்பார். மறுபேச்சு கிடையாது. கணவன் ஓட்டினால் மனைவி சொல்வார். முதலாளி ஓட்டினால் கணக்குப்பிள்ளை சொல்வார். புதுச்சேரியில் சில மனைவிகள் கணவனை அதட்டக் கிடைத்த ஒரே இடம் அதுதான் என்று கேலியாகச் சொல்வார்கள்.

பாலத்தருகே காரை நிறுத்தினார்.

"காருக்கு ஒண்ணும் இல்ல. ரோட்டுக்கும் ஒண்ணும் இல்ல. பக்கத்துல பப்பா உக்காந்திருந்தாரு. 'ஆலே'ன்னாரு. போனேன். லாரி வந்துட்டு இருந்துச்சு."

"அவருக்குத் தெரியவில்லையா?"

"அவருக்கு இப்பல்லாம் எதுவும் தெரியறதில்ல. கண்ணுல புரை. கேட்டா, எனக்கென்ன, கழுகு மாதிரி தெரியுதுங்கறாரு. வண்டிக்காரரு வைத்தியத்தை நாங்க பாத்துக்கறோம். ஆனா தப்பு காரு மேல இல்ல." மடித்த பத்திரிகையை என்னிடம் நீட்டினார். "பப்பா கண்ணைப் பத்தி பேப்பர்ல போட்டீங்க, மறுபடி வருவேன். இந்தத் தடவ மாதிரி மரியாதையா வரமாட்டேன்."

திருத்தம் எழுதினேன். விபத்துக்குக் காரின் அமைப்பு காரணமல்ல என்று விசாரித்ததில் தெரிந்தது, அவ்வளவுதான். விசாரித்ததில் வேறென்ன தெரிந்தது என்பதை எழுதவில்லை. இளைஞர்களே, தெரிந்த எல்லாவற்றையும் அச்சிட வேண்டியதில்லை. ஆனால் தெரியாத எதையும் அச்சிடக் கூடாது. இரண்டையும் ஒரே வாரத்தில் கற்றேன்.

மர்கரீத்தின் தந்தையை ஊரே முசே, அதாவது பிரெஞ்சில் ஐயா, என்றுதான் அழைக்கும். பழைய நீதிமன்றத்தில் குமாஸ்தாவாக இருந்து பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்குகிறவர். கால்சராய், தொப்பி, கைத்தடி. காரின் வலது இருக்கை பல வருடங்களாக அவருடையது. அவரை அங்கிருந்து நகர்த்துவது எப்படி என்பதுதான் வீட்டில் பிரச்சினை. உங்களுக்குக் கண் தெரியவில்லை என்று சொல்லக்கூடியவர் யாருமில்லை. கடைசியில் மர்கரீத் வேறு வழி கண்டுபிடித்தார். சென்னைக் கண் மருத்துவரிடம் போகும்போது என்னையும் அழைத்துக்கொண்டார்.

"பப்பா, ரிப்போர்ட்டருக்குப் பின்சீட்டுல உக்காந்தா வாந்தி வருமாம். நீங்க கொஞ்சம் பின்னால உக்காந்துக்கங்க."

முசே என்னை ஏற இறங்கப் பார்த்தார். அல்லது நான் இருந்த திசையைப் பார்த்தார். "பத்திரிகைக்காரனுக்கு வாந்தியா? எழுதறப்ப வராதா?" என்று கேட்டுவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டார். திண்டிவனம் வரை என்னோடு பேசவில்லை. திண்டிவனம் தாண்டியதும், "இப்ப எப்படி இருக்கு வயிறு?" என்றார் கனிவாக. வாந்திக்காரனாக நடிப்பது நிருபர் வாழ்க்கையில் நான் செய்த கடினமான வேலைகளில் ஒன்று. வழியில் இட்லியைக்கூடப் பயந்து பயந்து தின்றேன்.

இப்படித்தான் நான் மர்கரீத்தின் வலது கண்ணானேன். சில மாதங்களுக்கு ஒருமுறை சென்னைக்கு. இடையில் கடலூர், விழுப்புரம். எனக்கு நானே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு எளிமையானது: பார்த்ததை மட்டும் சொல். வளைவுக்கு அப்பால் ஒன்றும் இருக்காது என்று தோன்றுவது பார்த்ததாகாது. புழுதி அடங்காத இடத்தில் "நோன்". ஒரு முறை செங்கல்பட்டுக்கு முன்னால் மணல் லாரிக்குப் பின்னால் வெகு தூரம் அவரை நிறுத்தி வைத்தேன். எதிரே ஒரு சைக்கிள்கூட வரவில்லை. மர்கரீத் சொன்னார்:

"ரிப்போர்ட்டரே, லாரிக்காரன் நம்மள ஊர்வலம்னு நெனச்சுப் பூ போடப்போறான்."

"வளைவு இருக்கிறது, டீச்சர்."

"சரி. நீங்க சொன்னா சரி."

நீங்க சொன்னா சரி. அதை அவர் சலிப்போடுதான் சொன்னார். ஆனால் மிதியை அழுத்தவில்லை. என் சொல்லை இவ்வளவு தூரம் ஒருவர் நம்பியது அதற்கு முன்னால் நடந்ததில்லை. ஆசிரியர் குழு என் செய்தியை நம்பியது வேறு. அது தவறானால் திருத்தம் போடலாம். மர்கரீத் என் ஒரு சொல்லுக்குத் தன் தந்தையையும் தன்னையும் எதிரே வண்டி வரும் பக்கத்தில் செலுத்துவார். மற்ற நாட்களில் நான் எழுதும்போதும் அந்த நினைவு கையைப் பிடித்தது. என் உணர்வு அத்தோடு நிற்கவில்லை என்பதை உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர் கத்தோலிக்கர், நான் வேறு. அவர் வீட்டில் மேசை மேல் வெள்ளித் தட்டு, என் அறையில் மண்ணெண்ணெய் அடுப்பு. அதை நினைக்காத நாளில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கார் பற்றிச் சில வார்த்தைகள். பின்சக்கரங்கள் தள்ளும் கார்களைத்தான் நாம் அன்று அறிந்திருந்தோம். அதில் முன்சக்கரங்கள் இழுக்கும். தரையோடு தாழ்ந்து, வளைவில் சாயாமல், கயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்புவதுபோலத் திரும்பும். போருக்கு முன்பே வடிவமைத்தது. அது எங்கள் கையில் ஓடிக்கொண்டிருந்த அதே வருடங்களில் நம் நாட்டில் வெளிநாட்டுக் கார் இறக்குமதிக்குக் கதவு சாத்தப்பட்டது. உள்நாட்டில் செய்ய அனுமதி பெற்ற சிலரிடம் முன்பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். முசே கேட்பார்: "கலியாணத்துக்குப் பொண்ணு பாக்கறப்பவே காருக்கும் எழுதி வெச்சா, பேரப்பிள்ளை ஓட்டலாம், இல்ல?"

இதைப் பற்றி நான் பிற்காலத்தில் நிறைய எழுதினேன். சுருக்கத்தை மட்டும் தருகிறேன். நம் தொழிற்சாலைகளில் நல்ல பொறியாளர்கள் இருந்தார்கள். அந்தக் கார்களும் நம் சாலைகளுக்குத் தாங்கின. எந்த ஊர் மரத்தடியிலும் பிரித்துப் பூட்ட முடிந்தது. அது சிறிய விஷயமல்ல. குறைவு வேறிடத்தில் இருந்தது. எழுந்து வெளியே போகக்கூடிய வாடிக்கையாளர் அவர்களுக்கு இல்லை. போக இடமில்லாதவனிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை. பல வருடம் கழித்து ஒரு அறிமுக விழாவில், முன்சக்கர இழுவை என்னும் புதுமையைப் பற்றி ஒரு இளைஞர் மேடையில் மூச்சுவிடாமல் பேசினார். கைதட்டினேன். புதுமைதான்; நாம் அவ்வளவு நேரம் அறையைப் பூட்டி வைத்திருந்தோம்.

இனி பந்தயம். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று கிடந்தது. அதன் மேல் பொழுதுபோக்குக்காரர்கள் கார் ஓட்டத் தொடங்கியிருந்தார்கள். ஐம்பத்தெட்டில் செய்தி எழுதப் போனேன். வளைவுகளைக் குறிக்கப் பழைய எண்ணெய்ப் பீப்பாய்கள். பார்வையாளர்களுக்கும் கார்களுக்கும் நடுவே ஒரு கயிறு. வக்கீல்களும் தோட்ட முதலாளிகளும் வீட்டுக் காரின் சக்கர மூடிகளைக் கழற்றிவிட்டு, பின்சீட்டைப் புல்லில் இறக்கி வைத்துவிட்டுப் பந்தயத்துக்குப் போனார்கள். அந்தப் பின்சீட்டுகளில் குடும்பத்தார் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டார்கள். திரும்பி வந்து மர்கரீத்திடம் சொன்னேன். எழுதியதைவிட நன்றாகச் சொல்லியிருக்க வேண்டும்; அவர் திருத்திக்கொண்டிருந்த கணக்கு நோட்டை மூடிவிட்டார்.

"எதிர்ல யாரும் வரமாட்டாங்களா?"

"வரமாட்டார்கள். எல்லோரும் ஒரே திசையில்."

"அப்ப யாரையும் கேக்காம மிதிக்கலாம்."

"ஆமாம்."

நோட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு, "நான் ஓட்டணும்," என்றார். "ஒரு தடவையாவது ஓட்டணும்."

அதன்பின் வந்த வருடங்களில் அவர் கேட்டது அது ஒன்றைத்தான்.

மறு வருடம் பெயர் கொடுத்தோம். கார் அவருடையது, பெயரும் அவருடையது, எம். என்ற முதலெழுத்தோடு மட்டும் எழுதியதால் பெண் என்று யாருக்கும் தோன்றவில்லை. முந்தைய வாரங்களில் புதுச்சேரிக்கு வெளியே கதிர்காமம் பக்கம் ஆளில்லாத சாலையில் அவர் பழகினார். எனக்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். முன்சக்கரம் இழுக்கும் காரில் ஒரு சூட்சுமம் உண்டு.

"வளைவுல பயந்துட்டு காலை எடுக்காதீங்க. எடுத்தா மூக்கு உள்ள திரும்பிடும். பயமா இருந்தா இன்னும் கொஞ்சம் மிதிங்க."

"பயம் இல்லாவிட்டால்?"

"அப்ப நீங்க மெதுவா போறீங்கன்னு அர்த்தம்."

பந்தய நாளில் முசேயும் வந்தார். பின்சீட்டைக் கழற்ற அவர் சம்மதிக்கவில்லை. தானே இறங்கிப் புல்லில் குடை பிடித்து நின்றார். மேசைக்குப் பின்னாலிருந்த நிர்வாகி மர்கரீத்தைப் பார்த்தார், ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்தார். அது பழைய அரசு கொடுத்தது.

"இது என்ன பாஷை மேடம்?"

"பிரெஞ்சு."

"இங்க பிரெஞ்சு தெரிஞ்சவங்க யாரும் இல்லியே."

"காருக்குத் தெரியும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அதுதான் வினையாகிவிட்டது. நிர்வாகி உரிமத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "லைசென்ஸ் கெடக்கட்டும் மேடம். லேடீஸ் ஓட்டி ஏதாச்சும் ஆயிட்டா யார் பதில் சொல்றது?"

"ஜென்டில்மேன் ஓட்டி ஆயிட்டா யாரு சொல்றாங்க?"

நிர்வாகி மேசை மேலிருந்த காகிதங்களை அடுக்கினார். என் பக்கம் திரும்பி, "சார் ஓட்டறதா இருந்தா ஓட்டட்டும். கார் வந்தாச்சு, வீணா போகவேணாம்," என்றார். மற்ற கார்கள் வரிசைக்கு உருளத் தொடங்கியிருந்தன. நான் நிர்வாகியோடு வாதாடலாம், ஓட்ட மறுக்கலாம், அல்லது ஏறலாம். மர்கரீத்தைப் பார்த்தேன். இம்முறை வழி இருக்கிறதா இல்லையா என்று அவர்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"ஓட்டுங்க," என்றார். "காரு எப்படிப் போகுதுன்னு வெளியிலிருந்தாவது பாக்கறேன்."

குடைக்கடியிலிருந்து முசே, "என்ன சொல்றான் அந்த ஆளு?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல பப்பா. ரிப்போர்ட்டர் ஓட்டட்டுமாம்."

"அவனா? வாந்தி?"

ஓடுதளத்தில் முதல் முறை ஓட்டுவதைப் பற்றி நீங்கள் எல்லோரும் ஒரே மாதிரி எழுதுகிறீர்கள்: வேகம், காற்று, இதயத் துடிப்பு. எனக்கு நினைவிருப்பது விசாலம். இரண்டு கரைகளும் இல்லாத சாலை. மாடு இல்லை, ஆள் இல்லை, எதிரே லாரி இல்லை. நேர்ப்பாதையில் மற்றவர்கள் என்னை விட்டுப் போனார்கள். வளைவுகளில் கார் அவர்களைத் திரும்பப் பிடித்துக் கொடுத்தது. நான் செய்ததெல்லாம் பயப்பட்டபோது மிதித்தது. மர்கரீத் சொன்னது அவ்வளவும் நிஜம். கடைசிச் சுற்றில் நான் மூன்றாவதாக இருந்தேன். எனக்கு முன்னால் பழுப்பு நிறக் கார் ஒன்று. கடைசி வலது வளைவில் அதன் ஓட்டுநர் தாமதமாகத் திரும்பி வெளியே அகன்றார். வலது பக்கம் வழி திறந்தது. ஒரு லாரி போகும் அளவு வழி.

பார்த்தேன். பார்த்த உடனே, உரக்க, தெளிவாக, "ஆலே!" என்றேன்.

கால் அசையவில்லை.

வழி இருக்கிறதா என்று பார்ப்பவன் நான், மிதிப்பது இன்னொருவர். அப்படியே மூன்று வருடங்கள் பழகியிருந்தேன். சொல்லிவிட்டேன், என் வேலை முடிந்தது என்று உடம்பு காத்திருந்தது. இடது பக்கம் உட்கார்ந்திருப்பது நானே என்று விளங்குவதற்குள் பழுப்புக் கார் திரும்பி வந்து வழியை மூடிவிட்டது. மூன்றாவதாகவே முடித்தேன்.

கயிற்றுக்கு அருகே மர்கரீத் காத்திருந்தார். "வழி கெடந்துச்சே! தெரியலியா?"

"தெரிந்தது."

"பின்ன?"

"'ஆலே' என்று சொன்னேன்."

"யாருகிட்ட?"

நான் குனிந்து என் வலது காலைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்தது. சிரிக்கத் தொடங்கினார், கயிற்றைப் பிடித்துக்கொண்டு, புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். சிரிப்பு அடங்கியபோது ஓடுதளத்தைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "நான் போயிருப்பேன்."

கூட்டம் கலைந்து, பீப்பாய்களை உருட்டத் தொடங்கியபோது, இப்போது ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள், யாரும் தடுக்கமாட்டார்கள் என்றேன். மறுத்துவிட்டார். "ஆளில்லாத ரோட்டுல ஓட்டறதுக்குக் கதிர்காமம் போதும்."

அவர் சொன்னது சரி. பந்தயம் என்பது வேகமல்ல. மற்றவர்கள் நடுவே இருப்பது. அதற்குப் பிறகு நான் பிறர் கார்களில் அங்கே சில முறை ஓட்டியிருக்கிறேன். ஒருமுறை இரண்டாவதாகக்கூட வந்தேன். அப்போதெல்லாம் காலைத் தட்டி எழுப்பிவிட்டுத்தான் வாயைத் திறந்தேன்.

அன்றிரவே செய்தியில் எழுதினேன்: இந்தக் கார் ஒரு பெண்ணின் பெயரில் பதிவாகியிருந்தது, அவர் ஓட்ட அனுமதிக்கப்படவில்லை, காரணமாகச் சொல்லப்பட்டது இது. சென்னையில் அந்த வரிகளை வெட்டிவிட்டார்கள். தொலைபேசியில் கேட்டேன். "யார் ஓட்டினாங்கன்னு எழுதுய்யா. யார் ஓட்டலைன்னு எழுதினா பக்கம் பத்துமா?" என்றார் செய்தி ஆசிரியர். அடுத்த வருடம் மர்கரீத் மீண்டும் பெயர் அனுப்பினார்; பதிலே வரவில்லை. மீண்டும் எழுதினேன். இந்த முறை பக்கத்தில் இடம் மிஞ்சியதாலோ என்னவோ, நான்கு வரிகள் மூலையில் வந்தன. அதைப் பார்த்துச் சிலர் ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார்கள். பாதிப்பேர் திட்டி, பாதிப்பேர் ஆதரித்து. நடக்காததும் செய்தியாகும், யாருக்கு நடக்கவில்லை என்று பெயரோடு சொல்ல முடிந்தால். இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

அறுபத்தொன்றின் இறுதியில் அனுமதி வந்தது. எழுத்தில், மர்கரீத் என்ற முழுப் பெயருக்கு.

அதே வாரத்தில் முசே, மகளோடு பிரான்சுக்குப் போய்விடும் முடிவைச் சொன்னார். மகன் பிரெஞ்சு ராணுவத்தில். துலோன் நகரில் வீடு. புதுச்சேரியை இந்தியாவுக்கு விட்டுக்கொடுக்கும் உடன்படிக்கை விரைவில் நிறைவேறப் போகிறது, எந்த நாட்டுக்காரன் என்று எல்லோரும் தேர்ந்தெடுக்க வேண்டி வரும் என்ற பேச்சு ஊர் முழுவதும் நிலவியது. முசேக்கு அதில் குழப்பமே இல்லை. அவருக்கு வேண்டியிருந்தது கண். சென்னையில் ஒரு கண்ணுக்குச் செய்த அறுவை சரிப்படவில்லை. அங்கே ராணுவ மருத்துவமனையில் மகன் ஏற்பாடு செய்துவிட்டான். கப்பலுக்கு இடமும் கிடைத்துவிட்டது. பந்தயம் அதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் பின்னால்.

காரைச் சென்னையில் ஒருவர் வாங்கிக்கொண்டார். சென்னை வரை அதிலேயே போய், அங்கிருந்து ரயிலில் பம்பாய், பம்பாயில் கப்பல். கடைசிப் பயணத்துக்கும் நான்தான் வலது பக்கம். பின்னால் முசே, பெட்டிகளுக்கு நடுவே, தூங்கிவிட்டார். திண்டிவனம் தாண்டினோம். முன்னால் கரும்பு லாரி ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு போயிற்று.

"ஒரு மாதம் தள்ளிப் போக முடியாதா, டீச்சர்?" என்று கேட்டேன். "முசே முன்னால் போகட்டும். உங்கள் அண்ணன் பம்பாய்க்கே ஆள் அனுப்புவதாகத்தானே எழுதியிருந்தார். பந்தயம் முடிந்து நீங்கள் போகலாம்."

அவர் லாரியின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். கரும்புத் தோகைகள் தார்ச்சாலையைத் தேய்த்துக்கொண்டு போயின.

"ஒரு மாசம் போதுமா உங்களுக்கு?"

இருபத்தைந்து வருடம் பத்திரிகையில் கேள்வி கேட்டிருக்கிறேன். எனக்குக் கேட்கப்பட்டவற்றில் மிகச் சரியான கேள்வி அதுதான். போதாது என்பது ஒரு சொல். எனக்கு அது தெரியும். ஆனால் அதற்கு அப்பால் என்ன வரும் என்று தெரியவில்லை; வளைவுக்கு அப்பால் பார்க்காமல் பேசாதவன் நான். லாரிக்கு வலது பக்கம் எட்டிப் பார்த்தேன். எதிரே சாலை காலியாக இருந்தது, மைல் கணக்கில் வெளிச்சமாக.

"ஆலே," என்றேன்.

மர்கரீத் முந்தினார். லாரிக்காரன் கை காட்டினான். ரயில் நிலையத்தில் முசே என் கையைப் பிடித்து, "இப்ப வயிறு பரவாயில்லையா?" என்று கேட்டார். பரவாயில்லை முசே என்றேன். மர்கரீத் கார்ச் சாவியை வாங்கியவரிடம் கொடுத்துவிட்டு, வளைவில் காலை எடுக்கக் கூடாது என்று அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் வந்து கை நீட்டினார். பிரெஞ்சுக்காரர்கள்போல் குலுக்கினோம். ஈரமான கை. "எழுதுங்க," என்றார். எதை என்று சொல்லவில்லை.

பந்தயத்துக்கு நிருபராகப் போனேன். பெயரை நீக்கச் சொல்லி அவர் எழுதவில்லை. எனக்கும் நீக்கச் சொல்ல மனம் வரவில்லை. ஒலிபெருக்கியில் அவர் பெயரை வாசித்தார்கள், உச்சரிப்பு தடுமாறி. கூட்டத்தில் சிலர் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். ஒரு பெண் ஓட்டுகிறார் என்ற செய்தி பரவியிருந்தது. மறுபடியும் வாசித்தார்கள். பழைய நிர்வாகி என்னைத் தேடி வந்தார்.

"என்ன சார், அவ்வளவு எழுதினீங்க. அம்மா வரலியே?"

"பிரான்சுக்குப் போய்விட்டார்கள்."

"அடடா." அவர் உண்மையாகவே வருந்தியதுபோல் இருந்தது. வரிசையைத் திரும்பிப் பார்த்தார். கார்கள் நிற்க ஓடுதளத்தில் சுண்ணாம்பால் கட்டம் போட்டிருந்தார்கள். இரண்டாவது வரிசையில் ஒன்று காலி. "பின்னால இருக்கற வண்டிய முன்னால ஏத்திடறேன். அசிங்கமா தெரியுது."

"இருக்கட்டும்," என்றேன்.

"சார்?"

"கொடி இறங்கும்வரை இருக்கட்டும்."

அவர் என்னைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். யாரையும் முன்னால் ஏற்றவில்லை. கொடி இறங்கியது. எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பி, புகையும் ரப்பர் வாசனையும் எழுந்து, சத்தம் தொலைவுக்குப் போயிற்று. கூட்டத்தின் தலைகள் முதல் வளைவை நோக்கித் திரும்பின. நான் குனிந்து பார்த்தேன். மற்றக் கட்டங்களின் சுண்ணாம்பெல்லாம் டயர்களில் இழுபட்டுக் கலைந்திருந்தது. அந்த ஒன்று மட்டும் போட்டபடியே, நாலு கோடும் நேராக, வெயிலில் வெள்ளையாகக் கிடந்தது. கார்கள் சுற்றி வரும் ஓசை கேட்கும்வரை அதன் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.